ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பார்கள்

தில்லியில் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் நான் அண்டர் செகரட்டரி. எந்த அமைச்சகம் என்று சொல்ல நடத்தை விதிகள் இடம் தரவில்லை. சொன்னாலும் அங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு விளங்காது. எங்களுக்கே இன்னும் தெளிவுபடுத்தப்படவில்லை. என் பிரிவுக்குத் தொடர் நடவடிக்கைப் பிரிவு என்று பெயர். மற்ற பிரிவுகள் ஒரு வேலையைத் தொடங்கும். முடிந்ததா என்று கேட்டு நினைவூட்டல் அனுப்புவது நாங்கள். பதில் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால், நினைவூட்டல்களுக்கு ஏன் பதில் இல்லை என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. வேலை முடிந்துவிட்டது என்று யாராவது பதில் போட்டுவிட்டால்தான் எங்களுக்குச் சங்கடம். எந்த வேலை என்று தேட வேண்டியிருக்கும்.

என் பெயர் இளஞ்செழியன். விருதுநகர்க்காரன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், நல்லெண்ணெய் கூடக் கிடைக்கும். 'ழ' மட்டும் தில்லியில் எங்கேயும் கிடைக்காது. அதனால் அலுவலகத்தில் நான் 'செலியன் சாஹப்'. மருத்துவ அட்டையில் 'எலன் செலியா'. ஆதாரில் வேறொருவர். இதையெல்லாம் திருத்தச் சொல்லி நான் யாருக்கும் நினைவூட்டல் அனுப்பியதில்லை. சொந்த வேலைக்கு அலுவலக நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

போன நவம்பரில் என் கை நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரை எடுத்தால் சாஸரில் பாதி. ஜனக்புரி மெட்ரோ படியில் ஏறினால் நெஞ்சு தவில் வாசித்தது. பசியோ பகாசுரப் பசி. இட்லித் தட்டு காலியாகும். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனேன். ஜனக்புரியிலேயே ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கும் என் மனைவி வள்ளியம்மை, ஒரு சனிக்கிழமை என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

போன இடம், அரசு ஊழியர்களுக்கான டிஸ்பென்சரி. இப்போது அதற்கு 'ஆரோக்கிய மையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய பிறகு மருந்து குறைந்திருக்கிறது, போஸ்டர்கள் கூடியிருக்கின்றன. டாக்டர் ஜ்யோத்ஸ்னா தலை நிமிராமலே கேட்டார், தலை நிமிராமலே எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. ஒவ்வொருவருக்காகவும் நிமிர்ந்தால் கழுத்து போய்விடும்.

"தைராய்டு, சுகர், எல்லாம் எழுதியிருக்கேன். ரத்தம் குடுத்துடுங்க."

நாங்கள் பக்கத்துத் தெரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தோம்.

"ரிசல்ட் எப்ப?" என்றாள் வள்ளியம்மை.

"ஆப்ல வந்துடும் மேடம்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

ஒரு வாரம் கழித்து சாப்பாட்டு மேஜையில் வள்ளியம்மை கேட்டாள். "ரிசல்ட் வந்துச்சா?"

"ஏதாவது இருந்தா சொல்லியிருப்பாங்க."

"யாரு?"

"சம்பந்தப்பட்டவங்க."

"யாரு சம்பந்தப்பட்டவங்க?"

அவளுக்கு அரசாங்க நடைமுறை தெரியாது. நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு வரைவை எல்லாத் துறைக்கும் அனுப்புகிறோம். குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்புதல் தரப்பட்டதாகக் கொள்ளப்படும். நான் என் ரத்தத்தை அனுப்பியிருக்கிறேன். ஆட்சேபம் வரவில்லை. ஆகவே என் ரத்தம் ஒப்புதல் பெற்றுவிட்டது.

"நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று அவள் எனக்கு இன்னும் இரண்டு தோசை போட்டாள். நான் கேட்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பைத் திறந்து பார்க்க எனக்குப் பயம். முடிவு தெரியாதவரை நான் 'பரிசீலனையில்' இருந்தேன். அரசாங்கத்தில் அதைவிடப் பாதுகாப்பான நிலை கிடையாது. பரிசீலனையில் இருக்கும்போது யாரும் செத்ததாகப் பதிவு இல்லை.

டிசம்பர் வந்தது. தில்லி முழுக்க ஸ்வெட்டர், மேலே கோட்டு, அதற்கு மேலே சால்வை. எனக்கு வேர்த்தது. அரைக்கைச் சட்டையோடு காலையில் பார்க்கில் நடந்தேன். நடக்கவில்லை, பறந்தேன். குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள்.

"வாஹ் பாயி சாஹப்! யோகாவா?"

நான் புன்னகை செய்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் நிலைமை இன்னும் மோசம், அதாவது இன்னும் மேன்மை. தூக்கம் வராததால் விடிவதற்கு முன்பே எழுந்து நினைவூட்டல்களை அனுப்ப ஆரம்பித்தேன். என் கோப்புகள் தீர்ந்துபோயின. பக்கத்துப் பிரிவின் கோப்புகளை எடுத்துக்கொண்டேன். அவையும் தீர்ந்ததும், இனிமேல் தொடங்கவிருக்கும் வேலைகளுக்கு முன்கூட்டியே நினைவூட்டல் அனுப்பினேன். அமைச்சகம் நடுங்கியது. நானும் நடுங்கிக்கொண்டிருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

எங்கள் ஜாயின்ட் செகரட்டரியின் பெயர் தியாகி. உத்தரப் பிரதேசத்தில் அது ஒரு குடும்பப் பெயர்தான். தமிழ் அர்த்தத்தை அவரிடம் யாரும் எதிர்பார்க்கக் கூடாது. எடையைக் குறைக்க அவர் செய்யாத வித்தை இல்லை. காலையில் சுரைக்காய்ச் சாறு, மத்தியானம் பட்டினி, சாயங்காலம் ஏதோ விதைகள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"செலியன், உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிடறீங்க?"

ஒன்றும் செய்யவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரசாங்கத்தில் ஒன்றும் செய்யாமல் பலன் கிடைத்தது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் பெயர் ஒரு பாண்டிய மன்னனின் பெயர் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"சங்ககால உணவு முறை, சார்."

"அதாவது?"

"தினை, வரகு, சாமை. குளிரைக் குளிரால் வெல்வது. பாண்டிய வீரர்கள் ஸ்வெட்டர் போட்டதில்லை."

மதுரையில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அன்று மத்தியானம் கேன்டீனில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் எண்ணெய் சொட்டும் சோலே பட்டூரே இரண்டு பிளேட் சாப்பிட்டேன். மறுவாரம் கேன்டீன் மெனுவில் வரகுக் கஞ்சி வந்தது. என்னை எதிரே வைத்துக்கொண்டு எல்லோரும் அதை மரியாதையோடு குடித்தார்கள். நானும் குடித்தேன். எனக்கு அது சாப்பாட்டுக்கு ஒரு முன்னோட்டம்.

குர்காவ்னில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சிந்து என் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும்போதே அது அதிர்ந்து, 'அற்புதமான உடற்பயிற்சி! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!' என்று வாழ்த்தும். அது அவள் போனுக்கும் போகும்.

"அப்பா, சூப்பர்! ஆனா சும்மா இருக்கும்போதே ஹார்ட் ரேட் ரொம்ப ஜாஸ்தி காட்டுதே. வாட்ச் லூஸா இருக்கா?"

நான் பட்டையை இறுக்கிக் கட்டினேன்.

வள்ளியம்மை மட்டும் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் அனுப்பிய அத்தனை நினைவூட்டல்களுக்கும் சேர்த்து அவள் பழிவாங்குவது போல் இருந்தது. நானும் என் நினைவூட்டல்களைப் பெறுபவர்கள் செய்வதையே செய்தேன். பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரியில் தியாகி சாஹப் ஓர் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அமைச்சகத்தில் 'ஆரோக்கிய நேரம்' நடக்கும். முதல் உரை என்னுடையது. தலைப்பு 'பாண்டியரின் பாதையில்'. உரை நாளன்று காலை சட்டைப் பொத்தானை என்னால் போட முடியவில்லை. விரல் நிற்கவில்லை. வள்ளியம்மை வந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் அவள் கை கொஞ்ச நேரம் என் நெஞ்சின் மேலேயே இருந்தது.

"என்னங்க இது, இப்படி அடிச்சுக்குது?"

"உரையை நினைச்சு ஒரு உற்சாகம்."

"நான் இன்னைக்கு லேபுக்குப் போறேன்."

"நீ போனா குடுக்க மாட்டாங்க. பேஷன்ட் நான்."

"அப்ப நீங்க போங்க."

"எனக்கு ஆரோக்கிய உரை இருக்கு."

அவள் வங்கிக்கு லீவு சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

லேபில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். கவுன்டர் பெண், பேஷன்ட்டின் போனுக்கு ஓ.டி.பி. போகும், அதைச் சொன்னால் ரிப்போர்ட் தருகிறேன் என்றாளாம். வள்ளியம்மை எனக்குப் போன் செய்தாள். நான் மறுத்துவிட்டேன். கணவனே ஆனாலும், மனைவியே ஆனாலும் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்ததே வங்கி அதிகாரியான அவள்தான். என் கொள்கைப் பிடிப்பை எண்ணி அன்று நான் பெருமைப்பட்டேன்.

அவள் கவுன்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தாள். இளஞ்செழியன் இல்லை. செலியன் இல்லை. எலன் செலியாவும் இல்லை. தேதியை வைத்துத் துழாவியதில், 'எலன் ஜீ, பெண்' என்று ஒருவர் அகப்பட்டார். வயதும் முகவரியும் என்னுடையவை.

திரையைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் மாறியதாம். ஓ.டி.பி. எதுவும் கேட்காமல் அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

"மேடம்ஜி, இவங்க... இப்ப நல்லா இருக்காங்கல்ல?"

"இன்னைக்கு மேடையில பேசப் போறாரு" என்றாள் வள்ளியம்மை.

"ஜல்தி போங்க மேடம்."

அமைச்சக வாசலில் அவளை உள்ளே விடவில்லை. பார்க்க வேண்டிய அதிகாரி அனுமதித்தால்தான் பாஸ். அந்த அதிகாரி போனை அணைத்துவிட்டு மேடையில் இருந்தார். தன் கணவர் உயிருக்கு ஆபத்து என்று அவள் சொன்னதற்கு, அதற்குத் தனிப் பாஸ் இல்லை என்றார்கள். ஆரோக்கிய உரை கேட்க வந்திருக்கிறேன் என்றாள். உடனே விட்டார்கள், அரங்கம் நிறையவில்லை என்று மேலிடத்தில் கவலையாக இருந்ததாம்.

நான் அரைக்கைச் சட்டையில் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தேன். பாண்டியர் நீச்சல், பாண்டியர் மூச்சு, பாண்டியர் வரகு. வேர்வை ஆறாக ஓடியது. அதைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. உரை முடிந்து, கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மைக் அங்கே போனது. என் மனைவியின் குரல், வங்கியில் பேசிப் பேசித் தெளிந்த ஹிந்தியில், அரங்கமெங்கும் கேட்டது.

"பேச்சாளரின் டி.எஸ்.எச். அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது பற்றி அவர் என்ன நினைக்கிறார்?"

அரங்கம் அதிர்ந்தது. பலத்த கரகோஷம்.

கொலஸ்ட்ரால் குறைந்தால் நல்லது. சர்க்கரை குறைந்தால் நல்லது. ஆகவே எது குறைந்தாலும் நல்லது என்பது அங்கே கூடியிருந்த கனவான்களின் முடிவு. முதல் வரிசையில் தியாகி சாஹப் பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தத்தோடு சொன்னார்: "எனக்கு மூணு இருக்கு. எத்தனை சாறு குடிச்சும் இறங்க மாட்டேங்குது."

வள்ளியம்மை மைக்கை விடவில்லை. "இது நோய். இதுல சிவப்புல போட்டிருக்கு. அவசரம்னு போட்டிருக்கு. என்னங்க," என்று தமிழுக்கு மாறினாள், குரல் உடைந்தது, "இறங்கி வாங்க. போதும். வாங்க."

நான் இறங்கினேன். அதாவது முதல் படியில் கால் வைத்தேன்; மிச்சப் படிகளில் நான் இல்லை. கண் இருண்டது. கையில் வாட்ச் அதிர்ந்து வாழ்த்தியதாகச் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, வள்ளியம்மை கட்டிலோரமாக உட்கார்ந்து என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். அங்கிருந்த டாக்டர் விளக்கினார். கழுத்தில் இருக்கும் தைராய்டுச் சுரப்பி ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. டி.எஸ்.எச். பூஜ்யத்துக்கு இறங்கினால் அதுதான் அர்த்தம். இதயத்தின் தாளம் தப்பிவிட்டது. இரத்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். போகாதது அதிர்ஷ்டம். மாத்திரை சாப்பிட்டால் சரியாகும். நவம்பரிலேயே சாப்பிட்டிருந்தால் இங்கே வந்திருக்கவே வேண்டாம்.

"ஏன் வரலை?" என்றார்.

நான், மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன்.

தியாகி சாஹப் ஆப்பிளோடு பார்க்க வந்தார். டாக்டரைத் தனியே அழைத்துப் பேசினார். வரும் மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது, பிரிவின் சாதனை அளவுகள் உச்சத்தில் இருக்கின்றன, சிகிச்சையை ஏப்ரலில் தொடங்க வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், இது தொற்றக்கூடியதா என்று நம்பிக்கையோடு விசாரித்தாராம்.

நான் குணமானேன். கை நடுக்கம் நின்றது. எடை திரும்பி வந்தது. ஸ்வெட்டரும் வந்தது. நினைவூட்டல்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. அமைச்சகம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஆனால் ஓர் அரசு அலுவலர் அரசு மேடையில் விழுந்திருக்கிறார். பொறுப்பை நிர்ணயிக்காமல் விட முடியாது. தியாகி சாஹப் தலைமையில் கூட்டம் கூட்டினார்கள்.

டாக்டர் ஜ்யோத்ஸ்னா சொன்னார்: "பரிசோதனை எழுதினேன். அது என் கடமை. முடிவைக் கொண்டுவர வேண்டியது பேஷன்ட். வராதவங்களை எல்லாம் நான் தேடிப் போனா, வந்தவங்களை யார் பார்ப்பாங்க?" நியாயமாகத்தான் இருந்தது.

லேப் மேனேஜர் சொன்னார்: "ஆப்ல ஏத்திட்டோம். அவசரம்ங்கறதால டாக்டருக்கு மெயிலும் போட்டோம். மெயில்பெட்டி நிறைஞ்சிருக்குன்னு திரும்பி வந்துச்சு. திரும்பி வந்ததைப் பத்திரமா வெச்சிருக்கோம்." ஆதாரம் காட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆப் கம்பெனிக்காரர் சொன்னார்: "நோட்டிஃபிகேஷன் போயிருக்கு சார். போர்வை தள்ளுபடிக்கும் புரோட்டீன் பவுடர் தள்ளுபடிக்கும் நடுவுல. பார்க்கிறது யூஸர் விருப்பம்."

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "பாதகமாக ஏதும் இருப்பின் சம்பந்தப்பட்டவர்கள் தெரிவித்திருப்பார்கள் என்று நான் நியாயமாக நம்பினேன்" என்றேன். வாக்கிய அமைப்பு மிகவும் நன்றாக இருந்ததாகக் குறிப்பில் பதிவு செய்துகொண்டார்கள்.

தியாகி சாஹப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லோரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஆகவே தவறு எதுவும் நடக்கவில்லை. விளைவு மட்டும் நடந்திருக்கிறது." டீ வந்தது. பிஸ்கட் வந்தது. ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தோம்.

அப்போதுதான் ஆப் கம்பெனிக்காரர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், ஒரு விஷயம். ஓ.டி.பி. இல்லாமலே அந்த ரிப்போர்ட் வெளியே போயிருக்கு."

அறையில் ஒரு புது உயிர் வந்தது. இத்தனை நேரம் குற்றமே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம். ஓர் அரசு அலுவலரின் அந்தரங்க மருத்துவத் தகவல், அதிகாரமற்ற ஒரு நபரின் கைக்குப் போயிருக்கிறது. அதுவும் மைக்கில், பொது அரங்கில் வாசிக்கப்பட்டிருக்கிறது! கவுன்டர் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார் மேனேஜர். மிஞ்சியவர் ஒருவர்தான். எந்த அதிகாரத்தின்பேரில் இப்படிச் செய்தார் என்று பதினைந்து நாட்களுக்குள் அவரிடம் விளக்கம் கேட்க ஏகமனதாக முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன். ஏகமனது என்றால் அதுதானே.

மெமோவில் கையெழுத்து போட வேண்டியது தொடர் நடவடிக்கைப் பிரிவு. போட்டேன். தபால் செலவு மிச்சமாகட்டும் என்று நானே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வள்ளியம்மை என் மாத்திரையையும் தண்ணீரையும் மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து மெமோவை முழுவதும் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்கு நான் பதில் எழுதணுமா?"

"பதினைஞ்சு நாள் டைம் இருக்கு."

"எழுதினா யாரு படிப்பாங்க?"

அவளிடம் அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா எழுதலேன்னா, பதில் வந்துச்சா வந்துச்சான்னு அத்தனை பேரும் கேப்பாங்க."